ரௌட்டரின் மரண வாக்குமூலம்

வீட்டு அலமாரி மேல் உட்கார்ந்திருக்கும் வைஃபை ரௌட்டர் செத்துப் பிழைப்பதை யாரும் பார்ப்பதில்லை. "நெட் போச்சு" என்று உள்ளறையிலிருந்து ஒரு குரல் கேட்கும். யாராவது எழுந்துபோய் சுவிட்சில் கை வைப்பதற்குள் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி எரிய ஆரம்பித்துவிடும். "வந்துடுச்சு" என்பதோடு விஷயம் முடிந்தது. இடைப்பட்ட அந்த ஒரு நிமிடத்தில் பெட்டிக்குள் நடந்தது வேறு கதை. அதன் இயங்குதளத்தின் மையமான கெர்னல், செய்யக்கூடாத ஒன்றைச் செய்யப்போய் மாட்டிக்கொண்டது. சாவதற்கு முன் தன் நிலைமையை முப்பது நாற்பது வரிகளில் எழுதியது. ஓரிரு விநாடி கழித்துத் தன்னைத்தானே மறுபடி துவக்கிக்கொண்டது. எழுதிய வரிகள் எங்கே போயின என்றால், சர்க்யூட் போர்டின் ஓரத்தில் எதனோடும் இணைக்கப்படாமல் நிற்கும் ஓர் உலோக முனைக்கு.

ரௌட்டரைத் திருகிக் கழற்றிப் பார்த்தால் பல மாடல்களில் அந்த முனை கண்ணுக்குத் தெரியும். வரிசையாக நான்கு துளைகள், அல்லது நான்கு பின்கள். ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க, ஒன்று தரை, மற்றொன்று 3.3 வோல்ட் மின்சாரம். தொழிற்சாலையில் சோதிப்பதற்காக வைத்த சீரியல் போர்ட் இது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சீரியல் கேபிளை முதல் மூன்றில் மட்டும் பொருத்தி (நான்காவதைத் தொடாமல் விடுவது நல்லது), வேகத்தை 115200 என்று வைத்தால், லேப்டாப் திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பிக்கும். ரௌட்டர் இத்தனை நாளும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

போனில் ஒரு செயலி நின்றுபோனால் அதை மட்டும் மூடித் திறக்கிறோம். போன் முழுதும் விழுவதில்லை. ஒவ்வொரு செயலிக்கும் நினைவகத்தில் தனி இடம் ஒதுக்கி, அடுத்தவர் இடத்தில் கை வைப்பவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது கெர்னலின் வேலை. கெர்னலே அத்துமீறினால் அதைத் தள்ள மேலே ஆளில்லை. வைஃபை சிப்பை இயக்கும் டிரைவரோ லினக்ஸில் கெர்னலுக்குள்ளேயே, அதே அதிகாரத்தோடு ஓடுகிறது. அதில் ஒரு வரி பிசகினால் பெட்டி முழுவதும் சேர்ந்து விழுகிறது.

இதையெல்லாம் வெளியாள் பார்க்க முடிவதே ஒரு தற்செயலால். 2002 டிசம்பரில் லிங்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரௌட்டரை விற்க ஆரம்பித்தது. 125 மெகாஹெர்ட்ஸ் மிப்ஸ் பிராசஸர், 16 மெகாபைட் ரேம், 4 மெகாபைட் ஃபிளாஷ். இன்றைய போனில் எடுக்கும் ஒரு படம்கூட அந்த ஃபிளாஷில் அடங்காமல் போகலாம். அடுத்த ஆண்டே, அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று சில நிரலாளர்கள் கண்டுகொண்டார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி, விற்றவர் மூல நிரலைத் தந்தாக வேண்டும். நிறுவனமும் தந்தது. அந்த நிரலிலிருந்து 2004-இல் கிளைத்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரௌட்டர் இயங்குதளம். பெயரில் அந்த ரௌட்டர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ரௌட்டரின் 2005-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டு நினைவகத்தைப் பாதியாக்கினார்கள். லினக்ஸ் வேண்டும் என்றவர்களுக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக ஒன்றை விற்க வேண்டி வந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் ஆர்வலர்கள் ரௌட்டரின் கடைசி வரிகளைப் படித்துக் காரணம் தேடிவருவதற்கு அந்த உரிமத்தின் ஒரு ஷரத்துதான் அடிப்படை.

சரி, அந்த வரிகளில் என்ன இருக்கும்? மிப்ஸ் ரௌட்டர் ஒன்றின் வாக்குமூலத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வரியின் சாரம் (முகவரிகள் பதினாறடிமான எண்களில்) இப்படி: 6பி6பி6பி7எஃப் என்ற நினைவக முகவரியைக் கெர்னலால் அணுக முடியவில்லை. பக்கத்திலேயே ஈபிசி என்று ஓர் எண். தவறு நடந்தபோது பிராசஸர் நின்றிருந்த கட்டளையின் முகவரி அது. ஆர்ஏ என்று இன்னோர் எண். அந்த வேலை முடிந்ததும் அது திரும்பிப்போக வேண்டிய இடம். அதன்பின் பிராசஸரின் 32 பதிவகங்களில் இருந்த மதிப்புகள், யார் யாரை அழைத்து இங்கே வந்து சேர்ந்தது என்ற சங்கிலி, கடைசியாகத் தவறு செய்த கட்டளையையும் அதன் அக்கம்பக்கத்தையும் காட்டும் சில எண்கள். அவ்வளவுதான்.

பழகிய கண் முதலில் போவது அந்த 6பி6பி6பி7எஃப்-க்கு. மிப்ஸில் கெர்னலின் சொந்த முகவரிகள் 8-இல் தொடங்கும். சில சமயம் சி-யில். 6-இல் தொடங்கும் முகவரி கெர்னலுக்குச் சொந்தமில்லாதது. அதற்கு மேல் 6பி என்பது மறுபடி மறுபடி வருவது தற்செயல் இல்லை. பிழை தேடும் வசதியை இயக்கிக் கெர்னலைக் கட்டினால், பயன்படுத்தி முடித்த நினைவகத் துண்டை விடுவிக்கும்போது அதில் ஏறக்குறைய முழுவதும் 6பி என்ற எண்ணைக் கொட்டி நிரப்பி வைக்கும். ஆங்கிலத்தில் இதற்கு விஷம் என்றே பெயர். யாராவது விடுவித்த துண்டைத் தொட்டால் கையில் 6பி ஒட்டிக்கொள்ளும். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் 6பி-க்குப் பதிலாக 7எஃப் ஆனது ஏன்? இரண்டுக்கும் வித்தியாசம், நம் தசமக் கணக்கில், சரியாக 20. ஆக, யாரோ செத்துப்போன ஒரு துண்டிலிருந்து ஒரு முகவரியைப் படித்து, அந்த முகவரியிலிருந்து 20 பைட் தள்ளியிருக்கும் விவரத்தைத் தேடியிருக்கிறார்கள். எந்த விவரம் 20-ஆவது பைட்டில் இருக்கிறது என்று மூல நிரலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எட்டு இலக்கத்தில் இத்தனை சேதி.

முகவரி 00000014 என்று வந்திருந்தால் கதை வேறு. அப்போது முகவரியை வைத்திருக்கும் அந்த பாயிண்டர் வெறுமையானது. இன்னும் யாரும் அதில் எதையும் வைக்கவில்லை, அல்லது எடுத்துவிட்டார்கள். பதினாறடிமான 14 என்பதும் அதே 20 பைட் தூரம்தான், ஆனால் செத்தவரைத் தொட்டதல்ல, பிறக்காதவரைத் தேடியது. இரண்டுக்கும் திருத்தம் வேறு வேறு இடத்தில் இருக்கும்.

ஈபிசி எண்ணை மூல நிரலின் வரி எண்ணாக மாற்றித் தரும் கருவிகள் உண்டு. அவற்றில் கொடுத்ததும் "இந்தக் கோப்பு, 412-ஆம் வரி" என்பதுபோல் பதில் வரும். புதியவர்கள் அந்த வரியைத் திறந்து மணிக்கணக்கில் முறைத்துப் பார்ப்பார்கள். வரியில் ஒரு குறையும் இருக்காது. விழுந்த இடம் வேறு, வழுக்கிய இடம் வேறு. கிராஷ் செய்தி நமக்குத் தருவது பாதிக்கப்பட்டவரின் விலாசம் மட்டும். குற்றவாளி எப்போதோ தன் வேலையை முடித்துக்கொண்டு போயிருப்பார்.

வைஃபை நிரலில் இது ஏன் இவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த விளக்கம் இது: கம்பியில்லாத வலையில் எதிர்ப்பக்கத்துக்காரர் எந்த நொடியிலும் சொல்லாமல் போகலாம். உங்கள் போனுக்கென்று ரௌட்டரின் நினைவகத்தில் ஒரு பதிவு இருக்கிறது. அதன் வேகம் என்ன, சாவி என்ன, தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்பதெல்லாம் அதில். ஆம், போன் பேட்டரியை மிச்சப்படுத்த அடிக்கடி ரேடியோவை அணைத்துத் தூங்கும். அதற்கு வரும் பாக்கெட்டுகளை ரௌட்டர் பத்திரப்படுத்தி, விழித்ததும் கொடுக்க வேண்டும். இப்போது நீங்கள் போனோடு லிஃப்டுக்குள் போய்விடுகிறீர்கள். ரௌட்டர் சற்றுக் காத்திருந்துவிட்டு, ஆள் போய்விட்டார் என்று முடிவுகட்டிப் பதிவை அழிக்கிறது. ஆனால் உங்களுக்கான இரண்டு பாக்கெட்டுகள் இன்னும் சிப்பின் வரிசையில் நிற்கின்றன. "அனுப்பிப் பார்த்தேன், பதில் இல்லை" என்று சிப் அறிவிக்கிறது. டிரைவர் அந்த பாக்கெட் யாருடையது என்று பார்க்கப் பழைய பதிவைத் திறக்கிறது. உள்ளே 6பி6பி6பி6பி.

சிப்பின் அறிவிப்பு வரிசையில் நின்று வருவதுமில்லை. இன்டர்ரப்ட் என்று ஒரு மின்சமிக்ஞை பிராசஸரைப் பாதி வேலையில் பிடித்திழுக்கும். எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் அது வரலாம். பதிவை அழிக்கும் நிரல் பாதி அழித்திருக்கும்போது அறிவிப்பு வந்தால்? ஒரே ஒரு பிராசஸர் இருக்கும் ரௌட்டரில்கூட இது நடக்கும். இதற்கு லினக்ஸில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: பதிவைப் பட்டியலிலிருந்து எடுத்த உடனே நினைவகத்தை விடுவிக்காமல், அந்த நேரத்தில் அதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் கையை எடுக்கும்வரை பொறுத்திருந்து விடுவிப்பது. வைஃபை நிரலில் பல திருத்தங்கள், பொறுக்க மறந்த இடத்தில் பொறுக்கச் சொல்வதுதான்.

இப்படிப்பட்ட பிழை பத்து லட்சத்தில் ஒரு தருணத்தில்தான் தலைகாட்டும். அதைப் பிடிக்க எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, நிரலில் அங்கங்கே "இங்கே வந்துவிட்டேன்" என்று அச்சிடும் வரிகளைச் சேர்ப்பது. சேர்த்ததும் பிழை மறைந்துவிடும். எடுத்ததும் திரும்பி வரும். பேய் வேலை ஒன்றுமில்லை, கணக்குத்தான். 115200 வேகத்தில் சீரியல் கம்பி விநாடிக்குச் சுமார் 11,520 எழுத்துகளை அனுப்பும். 80 எழுத்துள்ள ஒரு வரியை அச்சிட ஏறக்குறைய 7 மில்லி விநாடி. வைஃபையில் ஒரு பாக்கெட் கிடைத்ததும் "கிடைத்தது" என்ற ஒப்புதலை 10 மைக்ரோ விநாடி இடைவெளியில் அனுப்பத் தொடங்க வேண்டும் என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் விதி. அந்த வேகத்துக்கு கெர்னலால் ஈடுகொடுக்க முடியாது என்பதால்தான் அந்த வேலையைச் சிப்பே பார்த்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட உலகத்தில் 7 மில்லி விநாடி என்பது ஒரு யுகம். நீங்கள் ஒரு வரி அச்சிடும் நேரத்தில் பல பத்துப் பாக்கெட்டுகள் போய் வந்துவிடும். மோத வேண்டிய இரண்டு பேர் மோதாமல் விலகிப் போயிருப்பார்கள். எனவே அனுபவசாலிகள் சீரியலில் அச்சிடாமல் நினைவகத்தில் ஒரு மூலையில் குறிப்புகளை எழுதிவைத்து, கிராஷ் ஆன பிறகு படிக்கிறார்கள். மின்சாரம் போகாமல் துவக்கம் மட்டும் நடந்தால் ரேமில் எழுதியது பெரும்பாலும் அழியாது. துவக்கத்தில் முதலில் ஓடும் பூட்லோடர் அந்த மூலையைத் துடைக்காமல் விட்டால் போதும், அடுத்த பிறவியில் கெர்னல் தன் முன்பிறவியின் கடைசிச் சொற்களை எடுத்துக் கொடுக்கும்.

பிழைக்கு இன்னொரு ஊற்றான வைஃபை தலைப்பைப் பற்றியும் கொஞ்சம். ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் 24 பைட் தலைப்பு. முன்னுரிமை வசதி சேர்ந்தால் 26. அந்தக் கூடுதல் 2 பைட், பின்னால் வரும் ஐபி தலைப்பை 4-இன் மடங்கில் இல்லாத முகவரிக்குத் தள்ளிவிடுகிறது. நம் லேப்டாப் பிராசஸர் இதைக் கண்டுகொள்ளாது. மிப்ஸ் பிராசஸர் "முடியாது" என்று கையை விரித்து, கெர்னல் தலையிட்டு அதை மெதுவாகச் செய்துகொடுக்க வேண்டியிருக்கும். பழைய ஆர்ம் பிராசஸர்கள் இன்னும் மோசம்: புகாரே செய்யாமல் பைட்டுகளைச் சுழற்றிப்போட்டுத் தவறான எண்ணைக் கொடுத்துவிடும். பைட் வரிசையும் ஒரு தொல்லை. வைஃபை (802.11) தலைப்பில் எண்கள் சிறிய பைட் முன்னால் என்ற ஒழுங்கில்; அதே பாக்கெட்டுக்குள் இருக்கும் ஐபி தலைப்பில் பெரிய பைட் முன்னால். வைஃபை தலைப்பின் எண்ணை மாற்றிப் படிக்க ஓரிடத்தில் மறந்தால், சிறிய பைட்டை முதலில் வைக்கும் லேப்டாப்பில் அது தெரியவே தெரியாது. பெரிய பைட்டை முதலில் வைக்கும் மிப்ஸ் ரௌட்டரில் 20 என்ற நீளம் 5120 ஆகிவிடும். 20 பைட் நகலெடுக்க வேண்டிய நிரல் 5120 பைட்டை வாரிக் கொட்டும். எழுதியவர் மேஜையில் ஓடியது, வாங்கியவர் வீட்டில் செத்தது என்ற கதைகளில் பாதிக்கு இந்த மாதிரிக் காரணங்கள்தான் என்று எனக்குச் சந்தேகம்.

வாக்குமூலங்களைச் சேர்த்துவைத்துப் படிப்பவர் கடைசியில் கேட்கும் கேள்வி ஒன்று: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சாகிறதா? ஆம் என்றால் நல்ல செய்தி. நிரலில்தான் கோளாறு, தேடினால் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பகுதிகள் என்றால் முதலில் மின் அடாப்டரை மாற்றிப் பார்ப்பார்கள், பிறகு ரேம் சிப்பைச் சந்தேகிப்பார்கள். அவை இரண்டும் நன்றாக இருந்தால்தான் நிஜமான தலைவலி. யாரோ நினைவகத்தில் கண்ட இடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது பிராசஸராகவே இல்லாமல் இருக்கலாம்.

வைஃபை சிப் பாக்கெட்டுகளைப் பிராசஸர் கையில் கொடுப்பதில்லை. டிரைவர் முன்கூட்டியே நினைவகத்தில் சில இடங்களை ஒதுக்கி அவற்றின் முகவரிகளைச் சிப்பிடம் சொல்லிவைக்கும். காற்றில் வருவதைச் சிப் நேராக அந்த இடங்களில் எழுதிவிட்டுப் பிறகு சேதி சொல்லும். டிஎம்ஏ என்பது இதுதான். இது இரவில் வாசலில் வைத்த பாத்திரத்தில் விடியற்காலை பால்காரர் பால் ஊற்றிவிட்டுப் போவது மாதிரி. நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று அவரிடம் சொல்ல மறந்துவிட்டு, அதே பாத்திரத்தில் இட்லி மாவை ஊற்றி அதே இடத்தில் வைத்தால், தவறு அவர்மேல் இல்லை.

சொன்னாலும் சிப் சில சமயம் கேட்காது. அத்தெரோஸ் சிப்புகளுக்கான ஏடிஎச்9கே டிரைவரின் பதிவுகளில் பலரும் பார்த்த ஒரு வரி உண்டு: வாங்குவதை நிறுத்த முடியவில்லை, மறுபடி தொடங்கும்போது டிஎம்ஏ இயந்திரத்தை நாம் குழப்பிவிடக்கூடும் என்று டிரைவரே கவலைப்படும் வரி. நிறுத்தச் சொல்லிக் குறிப்பிட்ட நேரம் காத்திருந்தும் சிப் நிற்காவிட்டால் வருவது. இத்தனை நேர்மையான எச்சரிக்கையை வேறு துறைகளில் காண்பது அரிது.

மலிவான மிப்ஸ் ரௌட்டர்களில் இன்னொரு விசித்திரமும் சேர்ந்துகொள்ளும். பிராசஸர் அடிக்கடி தொடும் விவரங்களைக் கேஷ் என்ற வேகமான சிறு நினைவகத்தில் 32 பைட் கொண்ட துண்டுகளாக வைத்திருக்கும். சிப் ரேமில் எழுதியது கேஷுக்குத் தெரியாது. ஆகவே டிரைவர், "உன்னிடம் இருப்பது பழசு, தூக்கிப்போடு" என்று சொல்ல வேண்டும். பாக்கெட்டுக்கு ஒதுக்கிய இடத்தின் கடைசிப் பகுதியும், அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு எண்ணும் ஒரே 32 பைட் துண்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துவிட்டால்? அந்த எண்ணைச் சற்றுமுன் 5-லிருந்து 6-ஆக மாற்றியிருப்பார்கள். புது மதிப்பு கேஷில் மட்டும் இருக்கும். தூக்கிப்போட்டதும் அது மறுபடி 5 ஆகிவிடும். நினைவகத்தில் ஓர் எண் காலத்தில் பின்னோக்கிப் போவதை, எந்த நிரலும் அதைத் தொடாமலேயே, இப்படிப் பார்க்கலாம். இந்த வேலையை வன்பொருளே பார்த்துக்கொள்ளும் லேப்டாப்பில் எத்தனை வருடம் சோதித்தாலும் இது வராது.

டிஎம்ஏ எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் அறிந்ததில் சிறந்த சம்பவம் ரௌட்டரில் நடக்கவில்லை, ஆப்பிள் மேக் கணினிகளில் நடந்தது. 2011, 2012-இல் வந்த மேக்குகள் பலவற்றில் பிராட்காம் 4331 என்ற வைஃபை அட்டை இருந்தது. வட்டு கெட்டுப்போனாலும் இணையத்திலிருந்து இயங்குதளத்தை இறக்கிக்கொள்ளும் வசதிக்காக, இயங்குதளம் வருவதற்கு முன்பே ஓடும் ஃபர்ம்வேருக்குள் ஒரு முழு நெட்வொர்க் அடுக்கையே ஆப்பிள் வைத்திருந்தது. அருமையான வசதி. ஆனால் ஃபர்ம்வேர் ஒவ்வொரு துவக்கத்திலும் அந்த அட்டையை விழிக்க வைத்துவிட்டு, கட்டுப்பாட்டை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும்போது அதை அணைக்காமல் போய்விட்டது.

அந்த மேக்கில் லினக்ஸைத் துவக்கினால் என்ன ஆகும்? ஃபர்ம்வேர் தன் உபயோகத்துக்கு வைத்திருந்த நினைவகத்தை, இனி அது தேவையில்லை என்று லினக்ஸ் எடுத்து மற்ற வேலைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். அட்டைக்கு அது தெரியாது. காற்றில் வந்த வைஃபை பாக்கெட்டுகளைப் பழைய முகவரிகளிலேயே எழுதிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ரௌட்டர் அனுப்பிய ஏதோ ஒன்று உங்கள் கெர்னலின் மேல் போய் விழும். அட்டைக்கான டிரைவர் ஏறி அதைத் தன் வசப்படுத்தும்வரை இது நிற்காது. டிரைவரையே நிறுவாதவருக்கு எப்போதும் நிற்காது. வைஃபையே பயன்படுத்தாத ஒருவரின் கணினி வைஃபையால் கெடுகிறது என்றால் யார் நம்புவார்கள்? பாக்கெட்டுகள் எந்த வகை நினைவகத்தில் போய் விழுகின்றன என்பதை 2012-இல் மேத்யூ காரெட் என்ற நிரலாளர் கண்டுபிடித்தார். 2016-இல் லூகாஸ் வுன்னர் என்ற இன்னொரு நிரலாளர் எழுதிய திருத்தம் கெர்னலில் சேர்ந்தது. துவக்கத்தின் மிக ஆரம்பக் கட்டத்தில், அந்த நினைவகத்தை யாருக்கும் பங்கிடுவதற்கு முன்பே, அட்டையின் ஒரு பிட்டில் எழுதி அதை மீட்டமைப்பதுதான் திருத்தம். இப்படிப்பட்ட வன்பொருள் ஒட்டுகளைக் கெர்னல் வழக்கமாகச் செய்யும் நேரம் இதற்கு மிகத் தாமதம். இடைப்பட்ட நேரத்தில் கிராஷ் ஆவதை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். ஆப்பிள் அந்தப் பழைய ஃபர்ம்வேரைத் திருத்தும் என்ற நம்பிக்கை வுன்னருக்குத் துளியும் இல்லை என்பது அவர் எழுதிய குறிப்பிலேயே தெரிகிறது.

நினைவக அத்துமீறல்களைக் கையும் களவுமாகப் பிடிக்க 2015-இல் கெர்னலில் கேசான் என்ற காவல் ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் வைத்து, அந்த இடத்தைத் தொடலாமா கூடாதா என்று ஒவ்வொரு அணுகலின்போதும் பார்க்கும். விழுந்த இடத்தைக் காட்டுவதோடு, அந்தத் துண்டை ஒதுக்கியது யார், விடுவித்தது யார் என்றும் சொல்லிவிடும். ஆனால் ரேமில் எட்டில் ஒரு பங்கை விழுங்கி, வேகத்தையும் குறைக்கும். சின்ன ரௌட்டர் தாங்காது. அதனால் வைஃபை நிரலைச் சாதாரணக் கணினியில், ரேடியோவே இல்லாமல், காற்றை மென்பொருளால் பாவனை செய்து ஓட்டும் ஒரு வழி 2008-லிருந்தே இருக்கிறது. அதற்குள் கேசானை வைத்துத் தாறுமாறான பாக்கெட்டுகளை லட்சக்கணக்கில் ஊட்டலாம். ஆனாலும் கேசான் பார்ப்பது பிராசஸர் ஓட்டும் நிரலை மட்டும்தான். சிப் டிஎம்ஏ வழியாக எழுதுவது அதன் கண்ணில் படாது. கேஷ் கோளாறும் படாது. ரௌட்டரைத் திருகிக் கழற்றுவதிலிருந்து இன்னும் விடுதலை கிடைக்கவில்லை.

கேசானின் கண்ணில் படும் வகையிலான பிழைகளுக்கு 2022-இல் நல்ல அறுவடை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் இப்படித் தாறுமாறாக ஊட்டி லினக்ஸின் வைஃபை நிரலில் வரிசையாக ஓட்டைகளைக் கண்டார்; அக்டோபரில் ஐந்து பிழைகள் எண் கொடுத்து வெளியாயின. எல்லாமே பீக்கன் சார்ந்தவை. "நான் இங்கே இருக்கிறேன், என் பெயர் இது" என்று ஒவ்வொரு ரௌட்டரும் சுமார் 102 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஊருக்கே அறிவிக்கும் பாக்கெட் அது. அதைக் கேட்க நீங்கள் இணைய வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். வைஃபை வலைகளைத் தேடிக்கொண்டிருந்தாலே போதும்.

அவற்றில் ஒன்றைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். பீக்கனுக்குள் விவரங்கள் சிறு சிறு கட்டுகளாக வரும்: முதல் பைட் வகை, இரண்டாம் பைட் நீளம், பிறகு அத்தனை பைட் சரக்கு. ஒரே பீக்கனில் பல வலைகளின் பெயரை அறிவிக்கும் வசதிக்கான கட்டை நகலெடுக்கும் இடத்தில், கட்டின் முழு நீளம் தேவைப்பட்டது. அதனால் நீளத்தோடு 2-ஐக் கூட்டி ஒரு மாறியில் வைத்தார்கள். பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மாறி எட்டு பிட் அகலம். அதில் 255-க்கு மேல் எண் பிடிக்காது. யாராவது வேண்டுமென்றே நீளம் 254 என்று ஒரு பீக்கனை அனுப்பினால், கூட்டுத்தொகை 256 ஆகாமல் 0 ஆகிவிடும். கட்டுக்குப் பின்னால் மிச்சம் எவ்வளவு என்ற அடுத்த கணக்கு 256 பைட் அதிகமாகச் சொல்லும். ஒதுக்கிய இடம் போதாமல், நகலெடுப்பு பக்கத்துத் துண்டுகளின் மேல் ஏறி ஓடும். அந்தப் பக்கத்துத் துண்டு யாருடையதோ, கிராஷ் அவருடைய நிரலில்தான் நடக்கும். கேசான் இல்லாமல் வாக்குமூலத்தை மட்டும் படிப்பவர் பீக்கனைச் சந்தேகிக்க ஒரு முகாந்திரமும் இருக்காது.

லினக்ஸ் வைஃபை பகுதியைப் பராமரிக்கும் யோஹன்னஸ் பெர்க் இதற்குச் செய்த திருத்தம், மாறியின் வகையை எட்டு பிட்டிலிருந்து அகலமான ஒன்றாக மாற்றியதுதான். ஓப்பன்டபிள்யூஆர்டி பழைய கெர்னலை வைத்துக்கொண்டே வைஃபை நிரலை மட்டும் புதிதாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உள்ளது என்பதால் பிழையும் அதனோடு வந்திருந்தது. அதே மாதம் திருத்திய பதிப்புகளை வெளியிட்டார்கள். 2019-இல்தான் அந்தக் கட்டைப் படிக்கும் நிரல் கெர்னலில் சேர்ந்தது. அதற்கு முந்தைய வைஃபை நிரலோடு தயாராகி, வாங்கிய நாள் முதல் யாரும் புதுப்பிக்காமல் விட்ட ரௌட்டர்களில் இந்தப் பிழை கிடையாது. அவற்றில் இருப்பவை வேறு பிழைகள்.